பாட்டி எப்படி இருக்கிறாள்?

கேவலியர் நாய்க்குட்டி வாங்கப் போவதாக யாராவது என்னிடம் சொன்னால், என்ன நிறம், ஆணா பெண்ணா, என்ன விலை என்றெல்லாம் நான் கேட்பதில்லை. அதன் பாட்டி உயிரோடு இருக்கிறாளா, இருந்தால் அவள் இதயம் எப்படி இருக்கிறது என்றுதான் கேட்பேன். தாயைப் பார்த்து மகளைக் கொள், பாலைப் பார்த்துப் பசுவைக் கொள் என்று ஊரில் சொல்வோம். கேவலியருக்குத் தாயைப் பார்த்தால் போதாது. குட்டி போடும் தாய்க்கு மூன்று, நான்கு வயது இருக்கும். அந்த வயதில் பெரும்பாலான கேவலியர்கள் நன்றாகத்தான் இருக்கும். பரம்பரையில் என்ன ஓடுகிறது என்பது ஐந்து வயதுக்கு மேல்தான் வெளியே வரும். அதனால்தான் பாட்டியைக் கேட்கிறேன்.

நான் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில், நாய் பூனைகளுக்கான மருத்துவமனை ஒன்றில் நர்ஸாக இருக்கிறேன். அங்கே வரும் சின்ன நாய்களில் கேவலியர் கிங் சார்லஸ் ஸ்பேனியல் அளவுக்கு நான் நேசிக்கும் இனம் வேறில்லை. அந்த அளவுக்கு என்னைக் கவலைப்பட வைக்கும் இனமும் வேறில்லை. ஊசி போடும்போதுகூட வாலாட்டிக்கொண்டிருக்கும். வலியைக் காட்டிக்கொள்ளாத அந்தச் சுபாவத்தாலேயே அதன் நோய்கள் பல நாள் வெளியே தெரியாமல் போய்விடுகின்றன.

எங்கள் எதிர்வீட்டில் திருச்சிக்காரக் குடும்பம் ஒன்று குடியிருக்கிறது. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், எட்டு வயதில் ஒரு மகள். போன வருடம் அந்த வீட்டுப் பெண் என்னிடம் வந்தார்.

"அக்கா, பாப்பா நாய் வேணும்னு ஒரே அடம். சின்னதா இருக்கணும், கடிக்கக் கூடாது, வீட்டுக்குள்ளயே வளர்க்கணும். காதெல்லாம் தொங்கிக்கிட்டு ஒண்ணு இருக்கே, அது எப்படி?"

அவர் கேட்ட நாய் கேவலியர்தான். அவருக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

எடை 5.4 முதல் 8.2 கிலோவுக்குள் இருக்கும். உயரம் ஓர் அடியை ஒட்டி. பட்டுப் போன்ற முடி காதிலும் மார்பிலும் கால்களின் பின்புறத்திலும் வாலிலும் நீண்டு தொங்கும். பெரிய, வட்டமான, கருங்கண்கள். நிறம் நான்கே வகை. வெள்ளையில் செம்பழுப்புத் திட்டு இருந்தால் பிளென்ஹைம். கறுப்பும் வெள்ளையும், புருவத்திலும் கன்னத்திலும் பழுப்பும் சேர்ந்தால் டிரைகலர். உடம்பு முழுக்கச் செம்பழுப்பாக இருந்தால் ரூபி. கறுப்பில் பழுப்பு அடையாளங்கள் இருப்பது பிளாக் அண்ட் டேன். சில பிளென்ஹைம் நாய்களுக்கு நெற்றி நடுவே செம்பழுப்பில் ஒரு பொட்டு இருக்கும். 1704இல் பிளென்ஹைம் போர் நடந்தபோது, படை நடத்திப் போயிருந்த மார்ல்பரோ பிரபுவிடமிருந்து செய்தி வராத பதற்றத்தில் அவர் மனைவி சாரா, மடியில் கிடந்த சினை நாயின் நெற்றியைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருந்தாராம். பிறந்த குட்டிகளின் நெற்றியிலெல்லாம் அந்த விரல் தடம் இருந்ததாம். கதைதான். ஆனால் கேவலியரின் வேலை என்ன என்பதை அந்தக் கதை சரியாகவே சொல்லிவிடுகிறது. கவலையில் இருக்கும் மனிதரின் மடியில் கிடப்பதற்காகவே வளர்க்கப்பட்ட நாய் இது.

காவலுக்கு ஆகாது. வீட்டுக்கு யார் வந்தாலும் நெடுநாள் பழகியவரைப் பார்த்ததுபோல் ஓடிப்போய் வரவேற்கும். குழந்தைகளோடும் முதியவர்களோடும் பூனையோடும் ஒத்துப்போகும். அதே சமயம் வெறும் மடி நாயும் அல்ல. ஸ்பேனியல் என்பது பறவை வேட்டைக்கு வளர்த்த இனம். அந்த ரத்தம் இன்னும் இருக்கிறது. புறாவோ பட்டாம்பூச்சியோ கண்ணில் பட்டால் சாலை, கார் எதையும் பார்க்காமல் பாய்ந்துவிடும். இங்கே பிராட்கேட் பூங்காவில் மான்கள் திரிகின்றன. என் கேவலியர் மல்லியை அங்கே கூட்டிப்போகும்போது கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றித்தான் பிடிப்பேன்.

இந்த இனத்தின் நோயைப் புரிந்துகொள்ள அதன் மூக்கின் வரலாறு தெரிந்திருக்க வேண்டும். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தை ஆண்ட இரண்டாம் சார்லஸ் மன்னர் போகுமிடமெல்லாம் சின்ன ஸ்பேனியல்களோடு போனவர். ஆலோசனைக் கூட்டத்திலும் அரசர் நாயோடு விளையாடிக்கொண்டிருக்கிறார், அலுவலைக் கவனிப்பதில்லை என்று சாமுவேல் பெப்பீஸ் தன் நாட்குறிப்பில் சலித்துக்கொண்டிருக்கிறார். அரசரின் பெயரே நாய்க்கும் நிலைத்தது. அந்தக் காலத்து ஓவியங்களில் இந்த நாய்களுக்கு நீண்ட மூக்கும் தட்டையான தலையும் இருப்பதைப் பார்க்கலாம். பிறகு விக்டோரியா காலத்தில் மோகம் மாறியது. பக் போன்ற சப்பை மூக்கு நாய்களின் மேல் ஆசை வந்து, ஸ்பேனியலின் மூக்கும் தலைமுறைக்குத் தலைமுறை உள்ளே போனது, தலை உருண்டையானது. பழைய முகம் கிட்டத்தட்ட மறைந்தே போனது.

1926இல் ராஸ்வெல் எல்ட்ரிட்ஜ் என்ற அமெரிக்கர் லண்டனின் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சிக்கு வந்தார். ஓவியங்களில் பார்த்த நீள மூக்கு நாயைத் தேடி வந்தவருக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பழைய முகம் கொண்ட சிறந்த ஆண் நாய்க்கும் பெண் நாய்க்கும் 25 பவுண்டு பரிசு தருவதாக அறிவித்தார். அந்நாளில் அது பெரிய தொகை. கேலி செய்தவர்கள் இருந்தார்கள், நாயைக் கொண்டுவந்தவர்கள் சிலர்தான். 1928இல் ஆன்ஸ் சன் என்ற நாய் பரிசை வென்றது. அதே ஆண்டு அமைந்த கேவலியர் சங்கம் அந்த நாயை முன்னால் வைத்துத்தான் இனத்தின் இலக்கணத்தை எழுதியது. பரிசை அறிவித்த எல்ட்ரிட்ஜ் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. 1945இல் பிரிட்டனின் கென்னல் கிளப் கேவலியரைத் தனி இனமாக ஏற்றது.

கேட்க அழகான கதை. அதற்குள் ஓர் ஆபத்தும் இருந்தது. விரல்விட்டு எண்ணக்கூடிய நாய்களிலிருந்து ஓர் இனத்தை மீட்டிருக்கிறார்கள். நடுவே இரண்டாம் உலகப் போரின் பஞ்சம் வந்தது. நாய்க்கு உணவில்லாமல் பல பண்ணைகளில் எண்ணிக்கை சரிந்தது. எஞ்சிய சிலவற்றின் வாரிசுகள்தான் இன்று உலகம் முழுவதும் இருக்கின்றன. அந்தச் சில நாய்களின் மரபணுவில் என்ன குறை இருந்ததோ அதுவும் கூடவே பரவியது. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எட்டு இனங்களின் மரபணுக்களை ஒப்பிட்டு 2021இல் முடிவு வெளியிட்டார்கள். தீங்கான மரபணு மாற்றங்கள் மற்ற இனங்களைவிடக் கேவலியரில் அதிகம் சேர்ந்திருப்பதாகத் தெரியவந்தது.

முதல் நோய் இதயத்தில். இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே மைட்ரல் வால்வு என்ற கதவு இருக்கிறது. ரத்தத்தை ஒரே திசையில் அனுப்புவது அதன் வேலை. கேவலியருக்கு வயது ஏற ஏற அந்தக் கதவின் இதழ்கள் தடித்துச் சுருளும். சரியாக மூடாது. கீழறை அழுத்தும்போது கொஞ்சம் ரத்தம் திரும்பி மேலே போகும். அந்தக் கசிவின் ஓசைதான் ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் மர்மர். வயதான சின்ன நாய்கள் பலவற்றுக்கும் இது வரும். கேவலியருக்கு வெகு சீக்கிரம் வருகிறது. ஐந்து, ஆறு வயதுக்குள் ஏறத்தாழப் பாதி நாய்களுக்கு மர்மர் கேட்கும், பத்து வயதில் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும். மர்மர் கேட்ட உடனே ஆபத்து என்று பொருளில்லை. பல ஆண்டுகள் அப்படியே ஓடும் நாய்கள் உண்டு. சிலவற்றில் மட்டும் இதயம் பெருத்து, நுரையீரலில் நீர் கோத்து, மூச்சு முட்டும். இந்த இனத்தின் சாவுக்கு முதற்காரணம் இதுதான்.

எட்டு வாரக் குட்டியின் நெஞ்சில் காது வைத்துக் கேட்டு இதைக் கண்டுபிடிக்க முடியாது. அதன் மரபில் என்ன இருக்கிறது என்று சொல்லக்கூடியவை வயது முதிர்ந்த உறவுகள் மட்டுமே. இதற்காக இதய நிபுணர்கள் வகுத்த விதி ஒன்று 1990களின் இறுதியிலிருந்தே இருக்கிறது. இரண்டரை வயதுக்கு முன் எந்தக் கேவலியரையும் இனச்சேர்க்கைக்கு விடக் கூடாது. அப்போதும் நிபுணர் சோதித்து மர்மர் இல்லை என்று சான்று தர வேண்டும். அந்த நாயின் தாய் தந்தைக்கும் ஐந்து வயதில் மர்மர் இல்லாமல் இருந்திருக்க வேண்டும். எல்லோரும் இதைக் கடைப்பிடித்திருந்தால் இன்று நிலைமையே வேறாக இருந்திருக்கும் என்பது என் உறுதியான எண்ணம். ஒன்றரை வயது நாயைக் கண்காட்சியில் ஜெயிக்க வைத்து, அதே வருடம் இனச்சேர்க்கைக்கு விட்டு, குட்டிகளை விற்று முடிக்கும்வரை அதன் இதயம் வாய் திறப்பதில்லை.

இரண்டாவது நோய் மண்டையில். இதைப் பற்றி எழுதும்போதே எனக்கு மனம் கனக்கிறது. பல கேவலியர்களுக்கு மண்டையோட்டின் பின்புறம் மூளைக்குப் போதிய இடம் கொடுப்பதில்லை. பின்மூளை கழுத்துப் பக்கமுள்ள துளைவழியே பிதுங்கி நிற்கும். மூளையைச் சுற்றி ஓடும் நீர் தடைபட்டு, தண்டுவடத்துக்குள் நீர்ப்பைகள் உருவாகும். சிரிங்கோமைலியா என்பார்கள். நீர்ப்பை இருந்தும் துன்பமில்லாமல் வாழும் நாய்களும் உண்டு. துன்பப்படும் நாய் நடந்துகொண்டே பின்னங்காலைத் தூக்கித் தோள்பட்டைக்குப் பக்கத்தில் காற்றில் சொறியும், கால் தோலில் படவே படாது. தூக்கினால் கத்தும். சோபாவில் ஏறத் தயங்கும். தலையை உயர்த்தி எதன்மேலாவது சாய்த்துக்கொண்டே தூங்கும். கழுத்துப் பட்டையைக் கண்டால் ஒதுங்கும். "இது ஒரு வேடிக்கையான பழக்கம், எப்பவும் காத்துல சொறியும்" என்று சிரித்துக்கொண்டே காணொளி காட்டிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அது அந்த நாயின் வலி. எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் உறுதியாகத் தெரியும். வலியைக் குறைக்க மருந்துகள் இருக்கின்றன.

2008இல் பி.பி.சி. தொலைக்காட்சி ஓர் ஆவணப்படம் ஒளிபரப்பியது. ஜெமிமா ஹாரிசன் எடுத்த அந்தப் படத்தில் இந்த நோயால் துடிக்கும் கேவலியரை நாடே பார்த்தது. அடுத்த ஆண்டு முதல் கிரஃப்ட்ஸ் கண்காட்சியை ஒளிபரப்புவதையே பி.பி.சி. நிறுத்திக்கொண்டது. இனச்சேர்க்கைக்கு முன் எம்.ஆர்.ஐ. எடுத்துத் தரம் பிரிக்கும் திட்டம் 2012இல் பிரிட்டனில் வந்தது. கட்டாயம் என்று யாரும் விதிக்கவில்லை, மனசாட்சியுள்ளவர்கள் செய்கிறார்கள்.

நார்வே இன்னும் ஒரு படி மேலே போனது. விலங்கு நல அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில், கேவலியர் வளர்த்து விற்பது விலங்கு நலச் சட்டத்துக்கு எதிரானது என்று 2022 ஜனவரியில் ஓஸ்லோ நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பு புல்டாக் இனத்துக்கும் சேர்த்து வந்தது. மேல்முறையீட்டில் புல்டாக் தப்பியது, கேவலியர் தப்பவில்லை. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அறிவியல் முறைப்படி வேறு இனத்தோடு கலந்து ஆரோக்கியத்தை மீட்கும் முயற்சிக்குத் தடையில்லை என்றும் அது தெளிவாக்கியது. எனக்கு அந்தத் தீர்ப்பு சரியாகவே படுகிறது. ரத்தத்தின் தூய்மை என்ற எண்ணத்துக்காக ஒரு நாய் மூச்சுத் திணறிச் சாக வேண்டியதில்லை. கலப்பில் மூக்கு கொஞ்சம் நீண்டால் நீளட்டும். அந்த மூக்கைத் தேடித்தானே எல்ட்ரிட்ஜ் கடல் தாண்டி வந்தார்.

இவ்வளவையும் கேட்ட எதிர்வீட்டுப் பெண் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ வாங்கவே கூடாதா அக்கா?" என்றார். யாரிடம் வாங்குகிறோம் என்பதில் இருக்கிறது என்றேன். அவர்களோடு நானும் போனேன்.

முதலில் பார்த்த வீட்டில் நான்கு பிளென்ஹைம் குட்டிகளை முன்னறையில் கம்பளத்தின் மேல் விட்டிருந்தார்கள். குளித்து, வாசனை பூசி, பொம்மைபோல் இருந்தன. பாப்பா உடனே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தாய் எங்கே என்றால் நடை கூட்டிப் போயிருக்கிறார்கள் என்றார் விற்றவர். எப்போது வரும் என்றால் நேரமாகும் என்றார். கையோடு முன்பணம் கேட்டார். நான் அந்தப் பெண்ணின் கையைத் தொட்டு, "போகலாம்மா" என்றேன். பாப்பா வழியெல்லாம் அழுதாள்.

தாயைக் காட்டாமல் விற்கக் கூடாது என்ற சட்டம் இங்கே வந்ததற்குக் காரணமே ஒரு கேவலியர்தான். வேல்ஸில் ஒரு குட்டிப் பண்ணையிலிருந்து 2013இல் மீட்கப்பட்ட லூசி என்ற பெண் நாய் அது. நெருக்கடியான கூண்டுக்குள் வைத்து ஈற்றுமேல் ஈற்று எடுத்ததில் அதன் முதுகெலும்பே வளைந்துபோயிருந்தது. சில ஆண்டுகள் அன்பான வீட்டில் வாழ்ந்து 2016இல் இறந்தது. மார்க் ஆபிரகாம் என்ற கால்நடை மருத்துவர் முன்னின்று நடத்திய இயக்கத்தின் பலனாக, 2020 ஏப்ரல் 6 முதல் இங்கிலாந்தில் இடைத்தரகர்களும் கடைகளும் நாய்க்குட்டி விற்பது தடைசெய்யப்பட்டது. குட்டியை வளர்த்தவரிடம் நேரே போய், தாயோடு சேர்த்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். எட்டு வாரத்துக்கு முன் பிரிக்கவும் கூடாது. லூசி சட்டம் என்றே இதற்குப் பெயர். கள்ளத்தனமாக விற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தாயைப் பார்க்காமல் பணம் கொடுப்பவர்கள் இருக்கும்வரை அவர்களும் இருப்பார்கள்.

பிறகு ஒரு கிராமத்து வீட்டுக்குப் போனோம். கதவைத் திறந்ததும் எங்களை எதிர்கொண்டது பத்து வயதுக்கு மேற்பட்ட ஒரு கிழட்டு ரூபி. வால் மட்டும் இளமையாக ஆடியது. அந்த வீட்டு அம்மாளிடம் அப்போது குட்டியே இல்லை. அடுத்த ஈற்றுக்குப் பல மாதம் ஆகும் என்றார். நாங்கள் கேட்பதற்கு முன்பே ஒரு கோப்பைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். ஒவ்வொரு நாய்க்கும் வருடந்தோறும் எடுத்த இதயச் சான்று, எம்.ஆர்.ஐ. தரம், கண் பரிசோதனை, மரபணுச் சோதனை எல்லாம் இருந்தன. கேவலியரில் உலர்கண்ணோடு சுருட்டை முடி சேர்ந்துவரும் ஒரு நோயும், ஓடியாடும்போது திடீரென்று கால்கள் விறைத்து விழும் ஒரு நோயும் உண்டு. கன்னத்தின் உட்புறம் பஞ்சால் துடைத்து எடுக்கும் சோதனையில் இரண்டையும் கண்டுபிடித்துவிடலாம், தவிர்த்துவிடலாம். கிழட்டு ரூபியைக் காட்டி, குட்டிகளுக்கு இவள்தான் பாட்டி, எட்டு வயதில்தான் லேசாக மர்மர் வந்தது என்றார். பிறகு அவர் எங்களைக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? தோட்டத்துக்கு வேலி இருக்கிறதா? வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனால் நாயை என்ன செய்வீர்கள்? வைத்துக்கொள்ள முடியாமல் போனால் என்னிடமே திருப்பித் தருவதாக எழுதிக் கொடுப்பீர்களா? வாங்க வந்தவரை இப்படித் துருவிக் கேட்கும் பிரீடரை நம்பலாம். வந்தவுடன் குட்டியைக் கையில் கொடுப்பவரை நான் நம்புவதில்லை.

அவர்கள் காத்திருக்கச் சம்மதித்தார்கள். நான் வேலைக்குப் போகும் சில நாட்களில் மல்லியை அவர்கள் வீட்டில் விட்டுப் போனேன். வளர்ப்பது எப்படி என்று கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

வளர்ப்பில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது எடை. கேவலியருக்குப் பசி அடங்குவதே இல்லை. அந்தக் கண்களால் பார்த்தால் யாருக்கும் மனம் இளகும். ஆளுக்கொரு வாய் ஊட்டினால் எட்டு கிலோ நாய் பன்னிரண்டு கிலோ ஆகிவிடும். கசியும் வால்வை வைத்துக்கொண்டிருக்கும் இதயத்துக்கு அந்த நான்கு கிலோ பெரிய பாரம். விலாவைத் தடவினால் எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தித் தெரியக் கூடாது. உணவை அளந்து போடுங்கள். நம் சமையலறையில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சாம்பார் சாதம், குழம்பு பிசைந்த சோறு எதுவும் வேண்டாம். திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாயசத்திலிருந்து பொறுக்கிப் போடும் இரண்டு திராட்சைகூடத் தவறு. சாக்லேட்டும், சர்க்கரையில்லாச் சூயிங்கத்தில் இருக்கும் சைலிடாலும் நஞ்சு. கூடவே ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்றால் வேகவைத்த கேரட், உப்பில்லாத கோழித்துண்டு போதும்.

நீண்ட காதுகள் எதிலும் தோயும். சாப்பாட்டுக்குக் குறுகலான, ஆழமான கிண்ணம் வையுங்கள், காது இரண்டும் வெளியே விழும். வாரம் ஒருமுறை காதைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். புளித்த வாடை வந்தால், உள்ளே சிவந்திருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். பட்ஸ் விட்டுக் குடையாதீர்கள். சீப்பு போடுவது தினமும் சில நிமிடம்தான். காதின் பின்புறமும் அக்குளும் தொடை இடுக்கும் சிக்கு பிடிக்கும் இடங்கள். மேலாக வாரிவிட்டு விட்டால் உள்ளே முடிச்சு இறுகித் தோலை இழுக்கும். பல் துலக்க நாய்க்கென்று பற்பசை விற்கிறது. சின்ன வாய், நெருக்கமான பற்கள், அதனால் சீக்கிரமே காரை பிடிக்கும்.

கழுத்துப் பட்டையில் கயிற்றை மாட்டி இழுக்காதீர்கள். மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸ் வாங்குங்கள். மண்டையோட்டு நோயைப் பற்றிச் சொன்ன பிறகு காரணத்தை விளக்க வேண்டியதில்லை. தினமும் ஒரு மணி நேர நடை போதும், இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம்.

தனிமையை இந்த நாய் தாங்காது. நான்கு மணி நேரத்துக்கு மேல் வீட்டில் யாரும் இல்லாத குடும்பத்துக்கு நான் கேவலியரைப் பரிந்துரைப்பதே இல்லை. எதிர்வீட்டுக்காரர்கள் வேலை நேரத்தை மாற்றி அமைத்துக்கொண்ட பிறகுதான் எனக்கு மனம் ஆறியது.

மூச்சை எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள். செலவே இல்லாத இந்தச் சோதனை பல நாய்களைக் காப்பாற்றியிருக்கிறது. நாய் அயர்ந்து தூங்கும்போது நெஞ்சு ஒருமுறை ஏறி இறங்குவது ஒரு மூச்சு. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 30க்குக் கீழே இருக்க வேண்டும். கனவு கண்டு கால் உதறும்போது எண்ண வேண்டாம். மர்மர் உள்ள நாய்க்கு அடிக்கடி எண்ணி ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். 30ஐத் தாண்டி அங்கேயே நின்றால், விடியட்டும் என்று காத்திருக்காமல் டாக்டரை அழையுங்கள். நுரையீரலில் நீர் கோக்கும்போது பெரும்பாலும் முதலில் சொல்வது இந்த எண்தான்.

மர்மர் வந்த பிறகும் செய்வதற்கு நிறைய இருக்கிறது. லண்டன் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஏட்ரியன் பாஸ்வுட் தலைமையில் பல நாடுகளில் நடந்த ஆய்வு 2016இல் வெளியானது. வால்வு கசிந்து இதயம் பெருத்த, ஆனால் இன்னும் அறிகுறி தெரியாத நாய்களுக்குப் பிமோபென்டான் என்ற மருந்தைக் கொடுத்தால், இதயம் செயலிழக்கும் கட்டம் சுமார் 15 மாதம் தள்ளிப்போகிறது என்று அதில் தெரிந்தது. நாயின் ஆயுளில் 15 மாதம் சின்னக் காலமில்லை. இதயம் பெருத்திருக்கிறதா என்று சொல்ல எக்கோ ஸ்கேன் வேண்டும். அதனால் மர்மர் கேட்டதும் எக்கோ எடுத்துவிடுங்கள். ஜப்பானில் மசாமி உவேச்சி என்ற மருத்துவர் நாய்களுக்குத் திறந்த இதய அறுவை செய்து வால்வையே சரிசெய்கிறார். செலவு எல்லோருக்கும் எட்டாது என்றாலும் வழி திறந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் இந்த நாயை வளர்க்க நினைப்பவர்களுக்குத் தனியாகச் சில வார்த்தைகள். குளிர் நாட்டு நாய் என்பதோடு மூக்கும் சற்றுக் குட்டை. சித்திரை வெயிலில் விடிவதற்கு முன் நடை, பகலில் குளிர்ந்த அறை என்று இருக்க முடியாவிட்டால் வாங்க வேண்டாம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கென்னல் கிளப்பின் சான்றிதழ் வம்சத்தைச் சொல்லும், இதயத்தைச் சொல்லாது. தாய் தந்தையின் எக்கோ அறிக்கையைத் தனியாகக் கேளுங்கள். இன்னொன்றை உங்கள் டாக்டரிடம் நீங்களே எடுத்துச் சொல்லலாம். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் அதிகம். அதில் தட்டணுக்கள் குறையும். கேவலியர்கள் பலவற்றுக்குப் பிறவியிலேயே தட்டணுக்கள் குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் உருவில் பெரிது. பரம்பரையாக வரும் அந்த அமைப்பால் நாய்க்கு எந்தத் தீங்கும் இல்லை. ரத்தம் எண்ணும் இயந்திரம் பெரிய தட்டணுக்களைச் சரியாகக் கணக்கெடுப்பதில்லை. எண்ணிக்கை பயமுறுத்தும்படி வந்தால், ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். இல்லாத காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பதும், குறைவு இந்த இனத்துக்கு இயல்புதானே என்று நிஜமான உண்ணிக் காய்ச்சலை விட்டுவிடுவதும், இரண்டும் நடக்கக்கூடியவை.

கடைசியாக, குட்டிதான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாதவர்களுக்கு ஒரு யோசனை. பாட்டியைத் தேடிப் போக வேண்டாம், பாட்டியையே வீட்டுக்குக் கூட்டி வாருங்கள். வளர்த்தவர் இறந்துபோய், முதியோர் இல்லம் போய், மருந்துச் செலவு தாங்காமல் கைவிடப்பட்ட ஆறு, ஏழு, எட்டு வயதுக் கேவலியர்கள் மீட்பு இல்லங்களில் இருக்கின்றன. என் மல்லி அப்படி வந்தவள்தான், டிரைகலர். வரும்போதே மர்மர் இருந்தது. அவள் இதயம் எந்த நிலையில் இருக்கிறது என்பது எனக்கு முதல் நாளே தெரியும். குட்டியை வாங்குகிறவருக்கு அந்தத் தெளிவு கிடைப்பதில்லை. ஏற்கெனவே உள்ள நோய்க்கு இன்சூரன்ஸ் பணம் தராது, அதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பிமோபென்டானை நாளுக்கு இரண்டு வேளை, பன்னிரண்டு மணி நேர இடைவெளியில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகக் கொடுக்க வேண்டும். நான் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் அலாரம் வைத்திருக்கிறேன். அலாரம் அடித்ததும் மல்லியே சமையலறைக்கு முன்னால் போய் நின்றுகொள்கிறாள்.